பேக்பிளேட் வாங்கும் முன் எடை போட்டுப் பாருங்கள்

ஸ்கூபா முக்குளிப்பில் சிலிண்டரை முதுகில் தாங்கும் உலோகத் தகடுதான் பேக்பிளேட். அதற்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கும், ஊதினால் மிதக்கவைக்கும் பை விங். இவை இரண்டும் தொல்லை கொடுப்பது பெரும்பாலும் தண்ணீருக்கு மேலேதான். கீழே போய்விட்டால் உடம்பு கிடைமட்டமாகப் படுத்துக்கொள்ளும். வழக்கமான மிதவை ஜாக்கெட்டைப்போல் விலாவை நெரிக்கும் காற்றுப்பை இருக்காது. விற்பவர்கள் அதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். விமானத்தையும் படகையும் அலையையும் பற்றி அவர்கள் வாய் திறப்பதில்லை. புதுச்சேரிக் கடலில் சின்னஞ்சிறு ஃபைபர் படகிலிருந்து குதிப்பவள் நான். அவற்றைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

இந்த அமைப்பு வளர்ந்தது ஃபுளோரிடாவின் நீரடிக் குகை முக்குளிப்பில். அங்கே முதுகில் இரட்டைச் சிலிண்டர், உடம்பில் தடித்த உடை. நமக்கோ 3 மி.மீ. தடிமனுள்ள ரப்பர் உடையான வெட்சூட்டும் ஒற்றை அலுமினியச் சிலிண்டரும்தான். அவர்களுடைய பட்டியலை அப்படியே நகலெடுத்து வாங்காதீர்கள்.

எடையில் தொடங்குங்கள். எஃகுத் தகடு ஏறக்குறைய 2.7 கிலோ, அலுமினியத் தகடு ஒரு கிலோவை ஒட்டி. வாடகைக்குக் கிடைக்கும் 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டர் நிரம்பியிருக்கையில் மூழ்கும். காற்று தீரத் தீர மிதக்க ஆரம்பித்து, காலியாகும்போது இரண்டு கிலோ அளவுக்கு மேலே இழுக்கும். ஜாக்கெட் அணிந்து ஐந்து கிலோ ஈயம் கட்டுபவர் எஃகுத் தகட்டுக்கு மாறினால் இரண்டரை கிலோவாவது குறைக்கலாம். அவருக்கு அது லாபம். இரண்டு கிலோவே கட்டுபவர், மெல்லிய நீச்சல் சட்டையான ராஷ்கார்டோடு இறங்குபவர், எஃகுச் சிலிண்டர் கிடைக்கும் ஊருக்குப் போகிறவர் ஆகியோர் எஃகுத் தகட்டை வாங்கினால், ஆபத்தில் கழற்றி வீச முடியாத சுமையை முதுகில் திருகிக்கொள்கிறார்கள். அலுமினியமே அவர்களுக்குப் போதும். அந்தமானுக்குப் பறக்கும்போதும் அதுதான் கைகொடுக்கும். உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோதான் அனுமதி. ஈயம் போகிற இடத்தில் கிடைக்கும், தகடு கிடைக்காது.

சோதனை எளிது. சிலிண்டரில் 50 பார் அழுத்தக் காற்று மிச்சமிருக்க, விங்கைக் காலிசெய்து, ஐந்து மீட்டர் ஆழத்தில் துடுப்பை அசைக்காமல் நில்லுங்கள். மூழ்கினால் ஈயம் அதிகம், மேலே போனால் குறைவு.

தண்ணீர்ப் பரப்பில் மிதக்கும்போதுதான் புதியவர்கள் திட்டத் தொடங்குகிறார்கள். விங்கை முழுக்க ஊதினால் அது முதுகுக்குப் பின்னால் உப்பி, முகத்தை அலைக்குள் தள்ளும். வாய் தண்ணீருக்கு மேலே வரும் அளவுக்கு மட்டும் ஊதி, சாய்வு நாற்காலியில் உட்காருவதுபோல் பின்னால் சாய்ந்து கால்களை முன்னே நீட்டுங்கள். கூடுதல் ஈயத்தைச் சிலிண்டர்ப் பட்டையில் கோக்காமல் இடுப்பில் கட்டும் ஈய பெல்ட்டில் முன்பக்கமாக வைத்தால் பாதித் தொல்லை தீரும். தேவைப்பட்டால் கழற்றிவிடவும் முடியும். ஒற்றைச் சிலிண்டருக்கு 13, 14 கிலோ தூக்கும் விங் போதும். பெரிதாக வாங்கினால் அது சிலிண்டரைச் சுற்றி மடிந்து காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

படகில் ஏணி இல்லையென்றால் கருவியைத் தண்ணீரிலேயே கழற்றிக் கொடுக்க வேண்டும். தகட்டை உடம்போடு கட்டும், ஒரே நீளப் பட்டையால் ஆன ஹார்னஸில் தோளில் பக்கிள் கிடையாது. வரிசை இதுதான்: ஈய பெல்ட்டைக் கழற்றிக் கொடுங்கள், விங்கை ஊதுங்கள், அழுத்தமானியின் கொக்கியை இடது இடுப்பு வளையத்திலிருந்து விடுவியுங்கள், இடுப்பு பக்கிளைத் திறந்து, கால்களுக்கு நடுவே வரும் கவட்டுப் பட்டையை நழுவ விடுங்கள், பிறகு இடது முழங்கையை மடக்கித் தோளில் மாட்டிய பட்டைக்குள்ளிருந்து உருவுங்கள். பட்டை இறுக்கமாக இருந்தால் முழங்கை வராது. நீச்சல் குளத்தில் இதைப் பழகாமல் கடலுக்கு வராதீர்கள். படகுக்காரர் கையை நீட்டியபடி எவ்வளவு நேரம்தான் காத்திருப்பார்!

பொருத்துவதற்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். வெட்சூட் அணிந்தே அளவெடுக்க வேண்டும். தோளில் மாட்டிய பட்டைக்கும் மார்புக்கும் இடையில் உள்ளங்கை தட்டையாக நுழைய வேண்டும். கையைத் தோளுக்கு மேலே வளைத்தால் விரல்நுனி தகட்டின் மேல்விளிம்பைத் தொட வேண்டும். கொக்கி மாட்டும் டி-வளையங்களை அக்குள் மட்டத்திற்குச் சற்று மேலே வையுங்கள். பக்கிள் நடுவில் வேண்டாம், வலப்புறம் தள்ளியிருக்கட்டும். நடுவில் இருந்தால் கவட்டுப் பட்டையின் வளையம் அதில் முட்டும். கவட்டுப் பட்டை தகட்டை மேலேறாமல் பிடித்தால் போதும், உங்களைத் தூக்க வேண்டியதில்லை. என்னைப்போல் ஐந்தடி உயரமுள்ளவர்களுக்கு வழக்கமான தகடு வால் எலும்பில் இடிக்கும். குட்டைத் தகடு கேட்டு வாங்குங்கள். மிச்சப் பட்டையை உடனே வெட்டாதீர்கள். குளத்தில் நனைத்துச் சரிபார்த்த பிறகு வெட்டி, நுனியைத் தீயில் காட்டி முடியுங்கள்.

இத்தனை பாடுபட்டுப் பொருத்தியதை நண்பருக்கு இரவல் தருவது வீண். அவர் அளவுக்கு மாற்ற முழுவதையும் உருவிக் கோக்க வேண்டும்.

இந்த அமைப்பில் பொருள் வைக்கப் பை கிடையாது. சமிக்ஞை மிதவைக்கும் அதன் கயிற்றுச் சுருளுக்கும் தொடையில் பையுள்ள கால்சட்டை ஒன்று தேவைப்படும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். சிறிய கத்தியை இடுப்புப் பட்டையிலேயே கோக்கலாம்.

சிலிண்டரைப் பிடிக்கும் பட்டையை நனைத்த பிறகே இறுக்குங்கள். உலர்ந்த நைலான் கடலில் தளரும். இறுக்கியதும் தகட்டைப் பிடித்துத் தூக்கி உலுக்குங்கள். சிலிண்டர் அசைந்தால் மறுபடி முதலிலிருந்து. வெயிலில் கிடந்த தகட்டைத் தொடுவதற்கு முன் அதன்மேல் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் விங்கை ஊதும் குழாயான இன்ஃப்ளேட்டரின் வாய் வழியே நல்ல தண்ணீரை ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்துவிட்டு, விங்கைப் பாதி ஊதி நிழலில் தொங்கவிடுங்கள். உள்ளே உப்பு படிகமானால் பை அரிபடும். திருகுகளையும் அப்போதே இறுக்கிப் பாருங்கள்.