பழைய ஆதாரத்தில் கொல்லம் தேதியை ஆங்கிலத் தேதியாக்குவது

குமரி மாவட்டத்துப் பழைய ஆதாரங்களில் (சொத்துப் பத்திரங்களில்) ‘கொல்லம் 1098 கும்பம் 12’ என்ற மாதிரிதான் தேதி இருக்கும். 1956 நவம்பர் 1 வரை இந்தக் கரை தமிழகத்தோடு இல்லை. திருவிதாங்கூர் அரசின் கொல்லம் ஆண்டுக் கணக்கே இங்கே ஓடியது. அந்தத் தேதியைத் தவறாக மாற்றினால் பரம்பரைச் சொத்தின் வரிசையே குழம்பிவிடும்.

முதலில் மாதத்தைப் பாருங்கள், ஆண்டை அல்ல. மலையாளப் பெயரில் இருந்தால் தமிழாக்குங்கள்: சிங்ஙம் ஆவணி, கன்னி புரட்டாசி, துலாம் ஐப்பசி, விருச்சிகம் கார்த்திகை, தனு மார்கழி, மகரம் தை. அதே வரிசையில் கும்பம், மீனம், மேடம், இடவம், மிதுனம், கர்க்கடகம் என்பவை மாசி முதல் ஆடி வரை.

கொல்லம் ஆண்டு இங்கே ஆவணி 1-இல் பிறக்கிறது. ஆகவே ஆவணி முதல் மார்கழி நடு வரை 824 கூட்டுங்கள். அதன்பின் ஆடி கடைசி வரை 825. எப்போதும் 825 கூட்டுவதுதான் பலரும் செய்யும் பிழை. கோயில் நுழைவுப் பிரகடனம் 1112 துலாம் 27: 824 கூட்டினால் 1936, நாள் நவம்பர் 12. 825 கூட்டினால் ஒரு வருடமே தவறும். குளச்சல் போர் நடந்தது 916 ஆடியில்; 825 கூட்ட, 1741.

மார்கழியில் கவனம் தேவை. இருபதாம் நூற்றாண்டில் ஜனவரி 1, மார்கழி 17-ஐ ஒட்டி வரும். பின்னோக்கிப் போகப் போக, ஏறத்தாழ 60-70 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் தமிழ் மாதப் பிறப்பு முந்தைய ஆங்கிலத் தேதிக்கு நகரும். அதனால் 1700-களின் ஆதாரத்தில் நாளை ஒட்டிச் சொல்லாமல் மாதத்தோடு நிறுத்துங்கள். கிழமை எழுதியிருந்தால் அதுவே நல்ல சாட்சி. மேலே சொன்ன 1936 நாள் வியாழக்கிழமை.

தமிழ் எண்ணிலிருந்தால் ௱ நூறு, ௲ ஆயிரம், ௰ பத்து. ௯௱௨௰௫ என்பது 925. மை மங்கிய தாளில் ௲-ஐயும் ௱-ஐயும் மாற்றிப் படித்துவிடுவார்கள். சாய்வான வெளிச்சத்தில், பூதக்கண்ணாடியோடு, அதே ஆதாரத்தின் வேறு இடத்தில் அதே எழுத்து எப்படி விழுந்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.