லிங்காலா வினைச்சொல்: முன்னொட்டிலிருந்து தொடங்குவோம்

காங்கோ ஆற்றின் இரு கரைகளில் எதிரெதிரே நிற்கும் கின்ஷாசா, பிரஸ்ஸாவில் ஆகிய இரண்டு தலைநகரங்களிலும் அன்றாடம் புழங்கும் மொழி லிங்காலா. காங்கோ ஜனநாயகக் குடியரசின் 2006ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் அதை நான்கு தேசிய மொழிகளுள் ஒன்றாகக் குறிக்கிறது. பாண்டு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த இதன் வினைச்சொல்லைத் தமிழர் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ‘வந்தேன்’ என்ற ஒரே சொல்லில் வினையும் காலமும் ஆளும் அடங்கியிருப்பதைப் போலவே லிங்காலாவிலும் அடங்கியிருக்கும். நாம் சொல்லின் கடைசியில் வைக்கும் ஆள் அடையாளத்தை அவர்கள் முதலில் வைக்கிறார்கள் என்பதே பெரிய வேறுபாடு.

இங்கே விளக்கப்படுவது கின்ஷாசாப் பேச்சு வழக்கு. மக்கான்ஸா வழக்கு எனப்படும் எழுத்து நடையில் பெயர்ச்சொல்லின் வகுப்புக்கு (நம் திணை, பால் போன்ற ஒரு பாகுபாடு) ஏற்ப வினையின் முன்னொட்டும் மாறும். அதைத் தொடக்கத்திலேயே கற்கப் புகுவது வீண் சுமை என்பது என் கருத்து.

உச்சரிப்பைப் பற்றிச் சில சொற்கள். கீழே வரும் ‘ப’ எல்லாம் ‘பஸ்’ என்பதில் உள்ள ஒலி. ‘க’ எங்கு வந்தாலும் ‘கடல்’ என்பதில் உள்ளபடி அழுத்தமாக ஒலிக்கும். ‘ங்க’ மட்டும் ‘தங்கம்’ என்பதில் உள்ளது போல. ‘ஜ’ என எழுதியிருப்பது, ‘ஸ’வைக் குரல் அதிரச் சொன்னால் பிறக்கும் ஒலி. சொல்லுக்குள் வரும் இணைப்புக்கோடுகள் பிரித்துக் காட்டுவதற்காக மட்டுமே.

படி 1: வேரைப் பிரித்தெடுத்தல்

அகராதியில் வினைகள் ‘கொ’ என்று தொடங்கும்: கொஸல (செய்தல், வேலை செய்தல்), கொஸொம்ப (வாங்குதல்), கொலொப (பேசுதல்), கொமொன (காணுதல்). முன்னுள்ள ‘கொ’வையும் இறுதி அகரத்தையும் நீக்கினால் ஸல், ஸொம்ப், லொப், மொன் என்னும் வேர்கள் கிடைக்கும்.

படி 2: ஆள் முன்னொட்டு

நான் என்பதற்கு ‘ந’, நீ என்பதற்கு ‘ஒ’, அவன் அவள் இருவருக்கும் ‘அ’, அஃறிணைப் பொருளுக்கு ‘எ’, நாம் என்பதற்கு ‘தொ’, நீங்கள் என்பதற்கு ‘பொ’, அவர்கள் என்பதற்கு ‘ப’. ஆண்பால், பெண்பால் வேறுபாடு கிடையாது. நாம், நாங்கள் என்ற வேறுபாடும் கிடையாது. எழுவாயாக ஒரு பெயர் வந்துவிட்டாலும் முன்னொட்டை விட்டுவிடக் கூடாது. ‘குழந்தைகள் அழுதார்கள்’ என்பதற்கு ‘பன ப-லெல்-இ’ என்றே சொல்ல வேண்டும். ‘பன’ என்பது குழந்தைகள், வினையின் முதலில் நிற்கும் ‘ப’ அவர்களைச் சுட்டும் முன்னொட்டு.

படி 3: காலம்

இந்தப் படியில்தான் நேரம் செலவிட வேண்டும். முதலில் ‘இ’ ஈற்றைக் கற்றுக்கொள்ளுங்கள். ந-ஸல்-இ என்றால் ‘செய்தேன், செய்து முடித்திருக்கிறேன்’ என்று பொருள். ஆனால் அறிதல், விரும்புதல் போன்ற மனநிலை வினைகளில் அதே ஈறு நிகழ்காலப் பொருளைத் தரும்: நயெபி என்றால் ‘எனக்குத் தெரியும்’, நலிங்கி யொ என்றால் ‘உன்னை நேசிக்கிறேன்’. அறிதல் நடந்து முடிந்ததால் இப்போது தெரிகிறது என்று எண்ணிப் பார்த்தால் இது முரணாகத் தோன்றாது.

இப்போது நடந்துகொண்டிருப்பதைச் சொல்ல ‘இரு’ என்னும் பொருளுடைய ‘கொஜல’ துணைக்கு வரும்: நஜலி கொஸல, அதாவது ‘செய்துகொண்டிருக்கிறேன்’. கின்ஷாசாத் தெருக்களில் இந்த இரண்டு சொற்களும் ஒட்டிச் சுருங்கி ‘நஜொஸல’ ஆகிவிடும். பாடநூலில் நீண்ட வடிவத்தை மட்டும் படித்தவருக்கு இது பிடிபடாது. ஆகவே இரண்டையும் சேர்த்தே மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது.

எதிர்காலத்திற்கு முன்னொட்டுக்கும் வேருக்கும் இடையில் ‘கொ’ வரும்: ந-கொ-ஸல்-அ, ‘செய்வேன்’. கடந்த காலத்தில் குறிப்பிட்ட ஒரு பொழுதில் நடந்ததற்கு ‘அகி’ ஈறு: ந-ஸல்-அகி. வழக்கமாகச் செய்வதற்கு ‘அக’ ஈறு: ந-ஸல்-அக, ‘செய்வது வழக்கம்’. நெடுங்காலத்துக்கு முன் நடந்ததைக் குறிக்கும் ஈறும் எழுத்தில் ‘அக’ என்றே இருக்கும். ஆனால் அதன் இரண்டு உயிர்களும் உயர்ந்த தொனியில் ஒலிக்கும். லிங்காலா தொனி மொழி என்பதால், இதைக் காதால் கேட்டுத்தான் பழக வேண்டும்.

காலத்தை வினையே சுமக்கிறது என்பதற்கு ‘லொபி’ என்னும் சொல் நல்ல சான்று. நேற்று, நாளை இரண்டுக்கும் அது ஒன்றே. ‘லொபி நஸலகி’ என்றால் நேற்று வேலை செய்தேன். ‘லொபி நகொஸல’ என்றால் நாளை வேலை செய்வேன். ஈற்றையோ இடையில் வரும் ‘கொ’வையோ தவறவிட்டால் நாளே மாறிப்போகும்.

படி 4: எதிர்மறையும் ஏவலும்

எதிர்மறை மிக எளிது. வாக்கியத்தின் கடைசியில் ‘தெ’ சேர்த்தால் போதும். நயெபி தெ, ‘எனக்குத் தெரியாது’. நஸொம்பி ம்பிஸி தெ, ‘மீன் வாங்கவில்லை’. ஒருவரை ஏவும்போது முன்னொட்டு இல்லாமல் ‘லொப’ (பேசு) என்பார்கள். பலரை ஏவும்போது ‘பொலொப’. செய்யாதே எனத் தடுப்பதற்கு அகராதி வடிவத்தோடு ‘தெ’ வரும்: கொலெல தெ, ‘அழாதே’. ‘வா’ என்பதற்கு மட்டும் ‘யக’ என்ற விதிவிலக்கான வடிவம் உண்டு.

படி 5: வேரை நீட்டுதல்

வேருக்குப் பின் ‘இஸ்’ சேர்த்தால் பிறரைச் செய்விக்கும் பிறவினை: கொயெப (அறிதல்), கொயெபிஸ (அறிவித்தல்). ‘அன்’ சேர்த்தால் ஒருவரையொருவர் என்னும் பொருள்: கொமொன (காணுதல்), கொமொனன (சந்தித்தல்).

பயிற்சிக்கு, ‘தொகொமொனன லொபி’ என்பதை உறுப்புறுப்பாகப் பிரித்துப் பாருங்கள்: தொ (நாம்), கொ (எதிர்காலம்), மொன் (காண்), அன் (ஒருவரையொருவர்), இறுதி அகரம். ‘நாளை சந்திப்போம்’ என்பது பொருள். அடுத்து, ‘அவர்கள் நேற்று மீன் வாங்கவில்லை’ என்பதை நீங்களே எழுதிப் பாருங்கள். ‘லொபி பஸொம்பகி ம்பிஸி தெ’ என்று வந்திருந்தால் சரி.