ஹங்கேரி மன்னர்களின் தங்க ஃபுளோரின் வாங்குவது எப்படி?

ஹங்கேரியில் மன்னர் காரோய் ராபர்ட் 1325 வாக்கில் ஃபுளோரின் என்ற தங்கக் காசு அடிக்கத் தொடங்கியபோது, முன்மாதிரி இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்துக் காசுதான்: ஒரு பக்கம் அல்லி மலர், மறுபக்கம் புனித யோவான். அடுத்து வந்த அவர் மகன் லாயோஷ் காலத்தில் யோவானின் இடத்துக்குக் கையில் கோடரியோடு ஹங்கேரியின் சொந்தப் புனிதர் லாஸ்லோ வந்துவிட்டார். இரவல் வாங்கிய காசு ஒரு தலைமுறைக்குள் சொந்தக் காசாகிவிட்டது! அந்தக் காசுகளின் நினைவாக ஹங்கேரி மத்திய வங்கி 2012 முதல் மன்னர் வாரியாக 50,000 ஃபோரின்ட் (ஹங்கேரியின் பணம்) முகமதிப்புள்ள தங்க நாணயங்களை வெளியிட்டது. தொடங்குபவர்கள் இந்த அப்பா, மகன் இருவரில் தொடங்குங்கள் என்பேன்.

சரி, முதலில் கணக்கு. இந்தப் புது நாணயத்தின் எடை 3.491 கிராம், தூய்மை 986, அதாவது ஆயிரத்தில் 986 பங்கு தங்கம். பெருக்கினால் சுமார் 3.44 கிராம் சுத்தத் தங்கம், அரைப் பவுனுக்கும் குறைவு. அதை அன்றைய 24 காரட் கிராம் விலையால் பெருக்கி, விற்பவர் கேட்கும் தொகையிலிருந்து கழியுங்கள்; மிச்சம்தான் மன்னருக்கும் வேலைப்பாட்டுக்கும் நீங்கள் கொடுப்பது. அந்தத் தொகை மனதுக்குச் சரியென்று பட்டால் மட்டும் வாங்குங்கள்.

இதே வரிசையில் நாலு மடங்கு எடையில் தடித்த பதிப்பும் உண்டு, படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், அதனால் எடை எத்தனை கிராம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முகமதிப்பு பொறித்த நாணயத்தை யாராவது 'எழுநூறு வருஷப் பழசு' என்று விற்றால் நகர்ந்துவிடுங்கள். பழைய காசில் முகமதிப்பே கிடையாது.

கைக்கு வந்ததும் நகைத் தராசில் நிறுத்து, குறுக்களவு 20 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். முலாம் பூசிய பித்தளை என்றால் எடை குறையும், இல்லையென்றால் காசு தடிக்கும், எடையும் தடிமனும் சேர்ந்து பொருந்தாது. சந்தேகம் தீரவில்லையா, தங்கத்தின் தூய்மையைக் காட்டும் காரட் மீட்டர் இருக்கும் கடைக்குப் போங்கள், ஆனால் உரைகல்லில் மட்டும் தேய்க்க விடாதீர்கள். ஒரு கீறல் விழுந்தாலும் சேகரிப்பாளர் விலையைக் குறைத்துவிடுவார். துடைப்பதும் பாலிஷ் போடுவதும் அதே தப்புதான்.

அப்புறம், பிளாஸ்டிக் உறை, சான்றிதழ், ரசீது மூன்றையும் ஒன்றாக வையுங்கள். விற்கும்போது நகைக்கடைக்குப் போகாதீர்கள், அங்கே தங்கத்துக்கு மட்டும்தான் விலை. நாணயம் சேர்ப்பவரிடம் கொடுங்கள்.