சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கு ரயிலில் இருவர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைக்கும் கோவைக்கும் ராத்திரி வண்டி ஏறிப் பழகியவர்கள் நாம். படுத்து எழுந்தால் ஊர் வந்துவிடும். அதே நினைப்பில் கொல்கத்தாவுக்கும் டிக்கெட் போடுவதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன. இது ஏறக்குறைய 1,660 கிலோமீட்டர். கோரமண்டல் எக்ஸ்பிரஸ் காலை 7 மணிக்கு சென்ட்ரலை விட்டுக் கிளம்பினால் மறுநாள் முற்பகலில்தான் போய்ச் சேரும். முழுசாக ஒரு பகலைப் பெட்டிக்குள் உட்கார்ந்தே கழிக்க வேண்டும். அதனால் எந்த பெர்த் என்பது மற்ற ஊர்களைவிட இங்கே பெரிய விஷயம்.

அதற்கு முன் டிக்கெட். இந்தத் தடத்தில் கூட்டமில்லாத மாதம் என்று ஒன்றை நம்பி இருக்காதீர்கள். வேலூருக்கும் சென்னைக்கும் வைத்தியத்துக்கு வந்து திரும்பும் வங்காளக் குடும்பங்களும், இங்கே வேலை பார்க்கும் தொழிலாளர்களும் ஆண்டு முழுக்க இந்த வண்டிகளை நம்பித்தான் இருக்கிறார்கள். முன்பதிவு 120 நாளுக்கு முன்பே திறக்கும் என்பது பழைய கணக்கு. 2024 நவம்பர் முதல் 60 நாள்தான். போகும் டிக்கெட்டை எடுத்துவிட்டுத் திரும்பும் டிக்கெட்டை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. திரும்பும் தேதிக்கான முன்பதிவு சில நாள் கழித்துத்தான் திறக்கும், அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்தால்தான் நினைவிருக்கும். துர்கா பூஜை வாரத்தில் போக நினைத்தால் முன்பதிவு திறக்கும் அன்று காலையிலேயே உட்கார்ந்துவிட வேண்டும்.

வெயிட்டிங் லிஸ்டில் ஏறி டி.டி.ஆரிடம் பேசிக்கொள்ளலாம் என்று கிளம்பவே கூடாது. சார்ட் போட்ட பிறகும் உறுதியாகாத ஆன்லைன் டிக்கெட் தானாகவே ரத்தாகிவிடும். காலை வண்டிகளுக்கு முந்தைய நாள் இரவே சார்ட் வந்துவிடுவதால், படுக்கப் போகும் முன் பி.என்.ஆரைப் பார்த்துவிடுங்கள். தட்கலை நம்புகிறவர்கள் தங்கள் ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதார் சரிபார்ப்பை முன்பே முடித்து வைத்திருக்க வேண்டும். தட்கல் திறப்பது ஏசிக்கு முந்தைய நாள் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி.

இனி பெர்த். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கணக்கு ஒன்றுதான். பெர்த் எண்ணை 8-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். 1, 4 என்றால் கீழ் பெர்த். 2, 5 நடு. 3, 6 மேல். 7 சைடு லோயர். மீதி வராவிட்டால் சைடு அப்பர். பெரும்பாலோர் ஒரு லோயரும் ஒரு மிடிலும் கேட்பார்கள். அது ராத்திரி வண்டிக்குச் சரி. நாள் முழுக்க ஓடும் வண்டியில் அந்தக் கீழ் இருக்கை மூன்று பேருக்குப் பொது. மதியம் கொஞ்சம் சாயலாம் என்றால் நடு பெர்த்தையும் மாட்ட முடியாது. இரவு 10 முதல் காலை 6 வரைதான் அதற்கு நேரம். இருவராகப் போகிறவர்களுக்கு ஏற்றது சைடு லோயரும் சைடு அப்பரும்தான். பகலில் கீழ் பெர்த்தின் நடுப்பகுதியை மடித்தால் எதிரெதிரே இரண்டு ஜன்னலோர இருக்கைகள். மூன்றாவது ஆளுக்கு அங்கே உரிமையில்லை. படிவத்தில் ஒருவருக்கு சைடு லோயர், மற்றவருக்கு சைடு அப்பர் என்று தனித்தனியாகக் குறியுங்கள். ஆறடி உயரக்காரர்களுக்கு மட்டும் இது சரிப்படாது. சைடு பெர்த் நீளம் குறைவு, ராத்திரி முழுக்கக் காலை மடக்கியே கிடக்க வேண்டியிருக்கும்.

வயதானவர்களுக்கான கீழ் பெர்த் ஒதுக்கீட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆணுக்கு 60, பெண்ணுக்கு 45 வயது. ஒரே டிக்கெட்டில் அதிகபட்சம் இரண்டு பேர், இருவருமே அந்த வயதைத் தொட்டிருக்க வேண்டும். கூடவே மகனையோ பேத்தியையோ சேர்த்து மூன்றாவது பெயரைப் போட்டால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது.

சாப்பாட்டில் நடக்கும் தவறு, சூட்டோடு சோற்றை டப்பாவில் அடைப்பது. ஆவி வேர்த்து மூடியிலிருந்து சொட்டி, மதியத்துக்குள் வாடை வந்துவிடும். புளியோதரைக்குச் சாதத்தை அகலத் தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு, நன்றாக ஆறவிட்டுப் புளிக்காய்ச்சலைக் கலந்து கட்டுங்கள். அது இரவு வரை தாங்கும். தயிர்சாதம் என்றால், காய்ச்சி ஆறவைத்த பாலில் சோற்றைப் பிசைந்து ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் சேர்த்தால் புளிக்காது. மிளகாய்ப்பொடி தடவிய இட்லி போதும், தேங்காய்ச் சட்னி வேண்டாம். மறுநாள் காலைக்கு வீட்டுச் சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் வண்டியில் வருவதையே வாங்கிக்கொள்ளலாம்.

விசாகப்பட்டினத்தில் இன்ஜின் மறுமுனைக்கு மாறி, வண்டி வந்த திசைக்கே எதிராகக் கிளம்பும். முன்னால் இருந்த பெட்டி பின்னால் போய்விடும். இது தெரியாமல் தண்ணீர் வாங்க இறங்கியவர்கள் பதறி ஓடுவது வழக்கம். இறங்கும்போது பெட்டி எண்ணைப் பார்த்துக்கொண்டு, இருவரில் ஒருவர் இருக்கையிலேயே இருங்கள்.

இறங்கும் ஸ்டேஷனைப் பார்க்காமல் ஹோட்டல் போடுவது அடுத்த தவறு. கோரமண்டல் இப்போது ஹவுராவுக்குப் போவதில்லை, ஷாலிமாரில் முடிகிறது. அங்கே மெட்ரோ கிடையாது. டாக்சி பிடித்து வித்யாசாகர் பாலம் வழியாக ஆற்றைக் கடக்க வேண்டும். அதற்கு யாத்ரி சாத்தி என்ற மாநில அரசின் ஆப்பை ரயிலிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஹவுராவுக்குப் போகும் மெயிலில் வந்தால் ஸ்டேஷனிலேயே மெட்ரோ உண்டு. ஹூக்ளி ஆற்றின் அடியில் போய் எஸ்பிளனேடில் விடும், அங்கே ப்ளூ லைனுக்கு மாறினால் காளிகாட். அதற்குப் பக்கத்தில்தான் லேக் மார்க்கெட். தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி, வாழையிலையும் மல்லிகைச் சரமும் கிடைக்கும்.

ரயிலில் ஒருவருடைய அசல் அடையாள அட்டை இருந்தால் போதும். ஹோட்டலில் இருவருக்கும் கேட்பார்கள். மனைவியின் ஆதாரை வீட்டில் விட்டுவந்து, வரவேற்பு மேசை முன் வாட்ஸ்அப்பில் தேட வேண்டாம்.

சைவர்கள் சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் பருப்பு, முட்டைக்கோஸ் என்ற பெயரை மட்டும் நம்பி ஆர்டர் செய்யக் கூடாது. இரண்டிலும் மீன் தலை போட்டுச் சமைப்பது அங்கே சாதாரணம். "நிராமிஷ்" (சைவம்) என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், முகம் கோணாமல் சொல்வார்கள். இந்தி வராதே என்று மொபைல் வரைபடத்தை வெறித்தபடி தெருவில் நிற்பதும் தேவையில்லை. ஆண்களை "தாதா" (அண்ணா), பெண்களை "திதி" (அக்கா) என்று அழைத்து, போக வேண்டிய இடத்தின் பெயரைச் சொன்னால் போதும். பாதி வழி கூடவே நடந்துவந்து காட்டுகிற ஊர் அது.

திங்கட்கிழமை இந்திய அருங்காட்சியகமும் விக்டோரியா நினைவுக் கூடமும் மூடியிருக்கும். திங்கள் முற்பகலில் போய்ச் சேரும்படி டிக்கெட் எடுத்தால் அன்றைக்கு ஆற்றங்கரைப் படித்துறைகளை வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் அங்கே மாலை ஐந்துக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும், சென்னையைவிட முக்கால் மணி நேரம் முன்னதாக. படகில் போவதென்றால் நான்கு மணிக்குள் ஏறிவிடுங்கள்.