நம் வீதியில் எந்த வாகனம் எத்தனை? எண்ணிப் பார்க்கும் முறை

இலங்கை மலையகத்தின் கொட்டகலையில் யாரைக் கேட்டாலும் "வாகனம் கூடிவிட்டது" என்பார்கள். எந்த வாகனம், எந்த நேரத்தில் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். பிள்ளைகள் வீதியைக் கடக்கப் பாதசாரிக் கடவை கேட்டு மனு எழுதும்போது அந்த இரண்டு கேள்விகளுக்குத்தான் விடை வேண்டும். அதற்கு ஒரு கொப்பி, பேனா, கடிகாரம், கூட ஒருவர் இருந்தால் போதும்.

முதலில் இடம். ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் ஏ7 வீதியை எடுத்துக்கொள்வோம். பஸ் தரிப்பிடத்துக்கு அருகே நிற்காதீர்கள். அங்கே ஆட்டோக்கள் திரும்பத் திரும்ப வரும். ஒன்றையே நான்கு முறை எண்ணிவிடுவீர்கள். வளைவும் வேண்டாம். நேரான பகுதியில், வீதியை விட்டு விலகி ஒரு கடை வாசலில் உட்காருங்கள். ஏறிவரும் வாகனங்கள் ஒருவருக்கு, இறங்கிவருபவை மற்றவருக்கு.

அடுத்து வகை. மோட்டார் சைக்கிள், ஆட்டோ, கார், வேன், பஸ், சிறிய லொறி, பெரிய லொறி, மற்றவை என வரிசையாக எழுதிக் கட்டம் போடுங்கள். நான் நான்கு டயர் லொறியைச் சிறியதாகவும் ஆறும் அதற்கு மேலும் உள்ளவற்றைப் பெரியதாகவும் கொள்கிறேன். தேயிலைக் கொழுந்து லொறிக்குத் தனிக் கட்டம் வைத்தால் தோட்டப் பகுதிக்கு மிகவும் உதவும். உங்கள் விதி எதுவானாலும் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அடுத்த ஆண்டு அதை மாற்றினால் ஒப்பிடவே முடியாது.

ஒரு வாகனத்துக்கு ஒரு கோடு. ஐந்தாவதைக் குறுக்கே போடுங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை புதிய பத்திக்கு மாறுங்கள். பாடசாலை 7.30க்குத் தொடங்குகிறது. அதற்கு முந்தைய கால் மணி நேர நெரிசல், ஒரு மணி நேரக் கணக்கில் கரைந்து மறைந்துவிடும்.

நாளைத் தேர்வதில்தான் பலர் தவறுகிறார்கள். மார்கழிப் போயா (முழுநிலா விடுமுறை) முதல் வெசாக் வரை சிவனொளிபாத மலைக்குப் போகும் கூட்டம் ஹட்டனை நிறைக்கிறது. ஏப்ரலில் நுவரெலியாப் பருவம். இவை முடிந்தபின், பாடசாலை நடக்கும் காலத்தில், போயா வராத செவ்வாய் முதல் வியாழன் வரை எண்ணுங்கள். பருவகாலத்தை வேண்டுமானால் தனியாக எண்ணலாம். அடுத்த ஆண்டும் அதே மாதம், அதே கிழமை, அதே நேரம்.

இப்போது கணக்கு. ஒரு மணி நேரத்தில் 200 வாகனங்கள், அவற்றில் 70 ஆட்டோ என்று வைத்துக்கொள்வோம்: பங்கு 35 சதவீதம். அடுத்த ஆண்டு 240இல் 78 என்றால் பங்கு 32.5. பங்கு குறைந்தாலும் ஆட்டோ எட்டுக் கூடியிருக்கிறது. ஆகவே எண்ணிக்கை, பங்கு இரண்டையும் எழுதுங்கள். அந்த 200 வாகனங்களும் 3 கிலோமீற்றர் ஓடினால் 600 வாகனக் கிலோமீற்றர். நாடளாவிய போக்குவரத்து அளவை இந்த அலகில்தான் சொல்வார்கள்.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவு எண்ணிக்கையை வீதி எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2022இல் எரிபொருள் வரிசை நீண்டபோது பதிவேட்டில் இருந்த வாகனங்கள் அப்படியே இருந்தன, வீதிதான் வெறிச்சோடியது.

கணக்கு முடிந்ததும் தாள்களின் பிரதியை மனுவோடு இணையுங்கள். மூலப்பிரதி உங்களிடமே இருக்கட்டும். ஏ7 என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு அனுப்ப வேண்டும். தோட்டத்துக்குள் இறங்கும் பாதை என்றால் முதலில் பிரதேச சபையில் கேளுங்கள்.