கார் எஞ்சின் சுழலாவிட்டால்: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தோர் அறியவேண்டியவை

ஒன்ராறியோவுக்குப் புதிதாக வரும் நம்மவர்களில் பலர் முதலில் வாங்குவது பழைய காரைத்தான். விடிவதற்கு முன்பே வேலை தொடங்கும் தொழிற்சாலைக்கோ களஞ்சியத்துக்கோ செல்ல அதைவிட்டால் வேறு வழியில்லாத நிலையில், குளிர்காலக் காலையொன்றில் திறப்பைத் திருகியும் எஞ்சின் சுழலாவிட்டால் அன்றைய சம்பளமே போய்விடும். அந்தப் பதற்றத்தில், அருகில் நின்றவர் சொன்னதை நம்பி ஸ்ராட்டர் மோட்டாரை மாற்றிவிட்டு, பழுது பற்றரியில்தான் இருந்தது என்பதைப் பின்னர் அறிபவர்கள் உண்டு. பணம் அரிதாக இருக்கும் முதல் ஆண்டில் இப்படியொரு வீண்செலவு யாருக்கும் நேரக்கூடாது. ஆகவே மாற்றுவதற்கு முன்பு சோதியுங்கள்.

எஞ்சின் தானாக இயங்கத் தொடங்கும்வரை அதைச் சுழற்றிவிடுவதே ஸ்ராட்டரின் வேலை. அதற்குப் பற்றரியிலிருந்து நூறு அம்பியருக்கும் கூடுதலான மின்னோட்டம் சில கணங்களுக்குத் தேவைப்படுகிறது. வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும்போது பற்றரியின் வலு ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடுகிறது. அதே வேளையில் எஞ்சின் எண்ணெய் தடித்து, சுழற்றுவதற்கான சுமை கூடுகிறது. கோடையில் நன்றாக இயங்கிய பற்றரி சனவரியில் கைவிடுவதற்கும், குற்றம் ஸ்ராட்டர்மீது விழுவதற்கும் இதுவே காரணம்.

திறப்பைத் திருகும்போது கேட்கும் ஓசையைக் கவனியுங்கள். "டிக் டிக் டிக்" என்று விரைவாகத் தொடர்ந்து கேட்டு, முன்விளக்குகளும் மங்கினால், பெரும்பாலும் பற்றரியே காரணம். விளக்குகள் பிரகாசமாக எரிய, "டொக்" என்ற ஒற்றை ஓசையோடு எல்லாம் நின்றுவிட்டால், ஸ்ராட்டரையோ, அதன்மேலிருந்து அதற்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சுவிட்சான சொலினொய்டையோ ஐயுறலாம். ஸ்ராட்டர் மட்டும் வெறுமனே சுழலும் இரைச்சலோ, உலோகம் உராயும் ஓசையோ கேட்டால் அதன் பற்சில்லு எஞ்சினின் பற்சில்லோடு சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள். அந்நிலையில் மீண்டும் மீண்டும் முயன்றால் எஞ்சின் பக்கத்துப் பற்களும் சேதமடைந்து செலவு பலமடங்காகும். ஓசையே இல்லையென்றால், பிரேக்கை மிதித்தபடி கியரை நியூட்ரலில் வைத்து ஒருமுறை முயலுங்கள். கியர் நிலையை அறியும் சுவிட்ச் பழுதானாலும் இப்படி நேரும். எஞ்சின் வழமைபோலச் சுழன்றும் இயங்கவில்லையானால் ஸ்ராட்டரில் குறையில்லை. எரிபொருளிலோ தீப்பொறியிலோ தேடவேண்டும்.

அடுத்து, பற்றரி முனைகளைப் பாருங்கள். அவற்றில் வெண்மையாகவோ பச்சையாகவோ படிவு இருந்தாலும், இணைப்புத் தளர்ந்திருந்தாலும், சுத்தம் செய்து இறுக்குவதே போதுமானதாக இருக்கலாம். எஞ்சின் ஓடாதபோது நல்ல பற்றரி 12.6 வோல்ட் அளவைக் காட்டும், 12.2 என்றால் பாதியளவே மின்னேற்றம் உள்ளது. வேறொரு காரின் பற்றரியிலிருந்து கம்பிகள் வழியாக மின்சாரம் (பூஸ்ட்) கொடுத்ததும் எஞ்சின் உடனே இயங்கினால் ஸ்ராட்டரை விட்டுவிட்டு, பற்றரியையும் அதற்கு மின்னேற்றும் ஒல்ரனேற்றரையும் சோதிப்பியுங்கள். பூஸ்ட் கொடுக்கும்போது கறுப்புக் கம்பியின் கடைசி முனையை, இறந்த பற்றரியில் அல்லாமல், இயங்காத காரின் எஞ்சினிலுள்ள வர்ணம் பூசாத உலோகப் பகுதியில் மாட்டவேண்டும்; பற்றரியருகே வாயு தீப்பற்றும் அபாயத்தை அது குறைக்கும்.

ஸ்ராட்டரை மெல்லத் தட்டினால் சில வேளை அது இயங்கும். உள்ளே சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்தும் தேய்ந்த பிரஷ்கள் அசைந்து மறுபடி தொடுவதால் கிடைக்கும் தற்காலிக உதவி அது. அன்றே நேராகக் கராஜுக்குச் செல்லுங்கள்.

கராஜில் உங்கள் உரிமைகளைத் தயங்காமல் கேளுங்கள். ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வேலை தொடங்குமுன் எழுத்து மூலமான மதிப்பீட்டைப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. இறுதிக் கட்டணம் அதனை 10 வீதத்துக்கு மேல் தாண்டக்கூடாது. சில கார்களில் ஸ்ராட்டர் எளிதில் எட்டாத இடத்தில் இருப்பதால், பொருளின் விலையைவிடக் கூலி கூடிவிடலாம். இரண்டையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். புதியதா, புதுப்பிக்கப்பட்டதா என்றும் கேளுங்கள். நம்பகமான புதுப்பிக்கப்பட்ட ஸ்ராட்டர் பழைய காருக்குப் போதும் என்பது என் கருத்து. அதை வாங்கும்போது பழையதற்காக ஒரு வைப்புத்தொகை அறவிடப்படலாம். பழையதை ஒப்படைத்ததும் அது திரும்பக் கிடைக்கும். மொத்தத்தின்மேல் 13 வீத விற்பனை வரியும் சேரும்.

மாற்றிய பொருளுக்கும் கூலிக்கும் 90 நாட்கள் அல்லது 5,000 கிலோமீற்றர், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை, சட்டப்படியான உத்தரவாதம் உண்டு. ஆகையால் பற்றுச்சீட்டைக் காரிலேயே வையுங்கள். அக்காலத்துக்குள் அதே பழுது தொலைவான ஊரொன்றில் நேர்ந்து, முதற் கராஜுக்குத் திரும்புவது நியாயமான வழியாக இல்லாவிட்டால், அருகிலுள்ள கராஜில் திருத்திக்கொண்டு, முதலில் கட்டிய திருத்தச் செலவையும் நியாயமான இழுவைச் செலவையும் முதற் கராஜிடமிருந்து பெறலாம். கழற்றிய பழுதான ஸ்ராட்டரை முதற் கராஜ் கேட்டால் திருப்பிக் கொடுக்கவேண்டியிருக்கும் என்பதால் அதை எறிந்துவிடாதீர்கள்.