சாவு பயம் வரும்போது சாமி பக்கத்தில் உட்காருவது எப்படி

சாவு பயத்தோடு கோயிலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஆயுளைத்தான் கேட்கிறார்கள். தேய்பிறை அஷ்டமியன்று அதியமான்கோட்டை காலபைரவர் சன்னதியில் பூசணி விளக்கோடு நிற்பவர்களில் பலருக்கு அதுதான் வேண்டுதல். அதில் தப்பில்லை. ஆனால் ஆயுளைக் கேட்டு வேண்டிக்கொண்டதும் மனசு ஒரு கணக்கைத் திறந்துவிடும். விளக்கு பாதியில் அணைந்ததே, போன அஷ்டமிக்கு வர முடியவில்லையே என்று பழைய பயத்தோடு புதுசாக ஒன்றும் சேர்ந்துகொள்ளும். துணையைக் கேட்பது வேறு. "என்ன ஆனாலும் நீ கூட இரு" என்ற வேண்டுதலில் தவறிப்போக எதுவும் இல்லை.

வேப்பனப்பள்ளி பக்கம் ஓடி தென்பெண்ணையில் சேரும் ஆற்றுக்கு மார்க்கண்டேய நதி என்றே பெயர். மார்க்கண்டேயன் கதையில் எமன் உதைபட்ட இடத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நோயாளிக்கு உதவுவது அதற்கு முந்தைய இடம்: பாசக்கயிறு விழப்போகிறது என்று தெரிந்தும் பிள்ளை லிங்கத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. உதை விழுமா என்பது நம் கையில் இல்லை. கட்டிப்பிடிப்பது நம் கையில் இருக்கிறது, பழகவும் முடியும்.

முதலில் பயத்தைப் பிரித்து வையுங்கள்

சாவு பயம் என்று ஒரே பெயர் சொன்னாலும் உள்ளே நாலைந்து பயங்கள் கலந்திருக்கும். ஒரு நோட்டு எடுத்து, பகல் வெளிச்சத்தில், "எனக்கு எது பயம்?" என்று எழுதுங்கள். எழுத வராதவர்களுக்கு வீட்டில் ஒருவர் எழுதித் தரலாம். வலி வருமோ, மூச்சு முட்டுமோ என்பது ஒன்று. கூட்டுறவு சங்கக் கடன், பட்டா மாற்றம், பேங்க் கணக்கில் நாமினி போடாதது இன்னொன்று. கிணற்றுப் பங்கில் தம்பியோடு பேச்சு நின்றுபோனது, செய்த பாவம், பேரப்பிள்ளை கல்யாணத்தைப் பார்க்க முடியாது என்ற ஏக்கம், கடைசியில் "நான் இல்லாமல் போய்விடுவேனா" என்ற கேள்வி.

இவை எல்லாவற்றையும் சாமி தலையில் கட்டுவதால்தான் ஜெபம் செய்தும் பயம் போகவில்லை என்று தோன்றுகிறது. வலியை டாக்டரிடம் சொல்ல வேண்டும். வீட்டோடு கிடப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வலியையும் தொல்லையையும் தணிக்கும் நோய் ஆதரவு சேவையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பட்டாவும் நாமினியும் அலுவலக வேலை. தம்பிக்கு ஆள் விட்டுச் சொல்லுங்கள், அவர் வராவிட்டாலும் சொன்னது சொன்னதுதான். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தால் நோட்டில் ஒன்றிரண்டு வரிதான் மிஞ்சும். அவைதான் சாமியிடம் கொண்டுபோக வேண்டியவை.

ராத்திரி விழித்துக்கொண்டால்

பயம் ராத்திரியில்தான் பெரிசாகும். வேலை இல்லை, பேச ஆள் இல்லை, இதயம் துடிப்பது காதில் கேட்கும். படுத்துக்கொண்டே சமாளிக்கப் பார்க்காதீர்கள். எழுந்து உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றுங்கள். இரண்டு மடக்கு தண்ணீர். கொஞ்சம் திருநீறு, மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் தண்ணீரில் குழைத்துப் பூசுங்கள், தூளாகப் பூசினால் இருமல் கிளம்பும். பிறகு நாலு எண்ணும் நேரம் மூக்கால் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் நேரம் மெதுவாக விடுங்கள். விடும்போது மட்டும் "நமசிவாய", மனசுக்குள். ஆஸ்துமா, நெஞ்சுச்சளி உள்ளவர்கள் எண்ண வேண்டாம், மூச்சை அடக்கவும் வேண்டாம். வருகிற மூச்சோடு பெயரைச் சொன்னால் போதும். பத்து நிமிஷம் இப்படியே இருங்கள்.

இங்கே இரண்டு தவறு நடக்கும். ஒன்று, சீக்கிரம் அடங்க வேண்டும் என்று வேகவேகமாக ஆழ்ந்து மூச்சு வாங்குவது. அதனால் தலை சுற்றும், விரல் மரத்துப்போகும், உடனே "இதோ வந்துவிட்டது" என்று பயம் இரட்டிப்பாகும். இன்னொன்று, 108 எண்ணிக்கை. எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து தொடங்குகிறவர்கள் உண்டு. அந்த நேரத்தில் மாலையைத் தொடாமல் இருப்பதே நல்லது. நெஞ்சு இறுக்கி வலிப்பது, இடது கை அல்லது தாடைக்கு வலி பரவுவது, குப்பென்று வியர்ப்பது, இவை இருந்தால் பயம் என்று நினைத்து உட்கார்ந்திருக்காதீர்கள்; உடனே 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மூச்சு அடங்கியதும் பேசுங்கள். சாமியிடம் நல்லபடியாகத்தான் பேச வேண்டும் என்பதில்லை. திருநாவுக்கரசர் சூலை நோயில் துடித்தபோது திருவதிகையில் பாடிய முதல் பதிகமே, நோய் எமனைப்போல் வதைக்கிறது, விலக்கமாட்டீரா என்ற முறையீடுதான். பிறகு யானையை ஏவியபோது பாடியதாகச் சொல்லப்படும் பதிகத்தில், அஞ்சுவது எதுவுமில்லை, அஞ்ச வருவதும் இல்லை என்று பாட்டுக்குப் பாட்டு முடிகிறது. முதிர்ந்த வயதில் திருப்புகலூரில் பாடியதோ, உன் அடிக்கே வருகிறேன் என்பது. ஒரே ஆள்தான். அவரவர் நிலைக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளலாம். முறையிடும் நிலையில் இருப்பவருக்கு மூன்றாவதைப் படித்துக்காட்டுவது கொடுமை. வீட்டார் அவசரப்பட்டு அதைத்தான் செய்கிறார்கள்.

எந்த மொழியில், எந்த சாமி

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பல வீடுகளில் பெரியவர்களின் தாய்மொழி தெலுங்கு அல்லது கன்னடம். பயம் ஏறும்போது நாக்குக்குக் கிட்டே நிற்பது சின்ன வயதில் கேட்ட மொழிதான். பேரன் தமிழில் பதிகம் வாசிப்பது அழகாக இருக்கலாம், அவ்வாவுக்குத் தேவை அவர் அம்மா சொல்லிக் கொடுத்த நாலு வரி. சாமியும் அப்படியே. வாழ்நாள் முழுக்க ஊர் மாரியம்மனைக் கும்பிட்டவருக்கு கடைசிக் காலத்தில் புதுசாக ஒரு மந்திரம் வேண்டாம். தீர்த்தமலை ஏற முடியவில்லையே என்று வருந்துகிறவருக்கு, ஏறிவருகிறவர் ஒரு பாட்டிலில் தீர்த்தம் கொண்டுவந்தால் போதும்.

பயப்படுகிறவர் பக்கத்தில் இருப்பவருக்கு

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுப்பா" என்று சொன்னதும் அவர் வாய் மூடிக்கொள்ளும். "என்னப்பா பயமா இருக்கு, சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். கையைப் பிடித்துக்கொள்ளலாம். அழுதால் அழட்டும். பெங்களூரிலும் சிப்காட்டிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் ராத்திரி ஒன்பது மணிக்கு ஐந்து நிமிஷம் போனில் சேர்ந்து கும்பிடலாம், தினமும் அதே நேரத்தில். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பேசுவதைவிட இது உதவும். சிக்னல் கிடைக்காத மலையோர ஊர் என்றால், போன் வராவிட்டாலும் இருவரும் அந்த நேரத்தில் அவரவர் இடத்தில் சொல்வது என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வராத போனே ஒரு கவலையாகும்.

ஆக்சிஜன் ஓடும் அறையில் விளக்கு, கற்பூரம், ஊதுவத்தி கூடவே கூடாது, தீப்பிடிக்கும். விளக்கைப் பூஜை அறையில் ஏற்றிவிட்டு, சாமி படத்தை மட்டும் அவர் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். ஆக்சிஜன் இல்லாவிட்டாலும் சாம்பிராணிப் புகை மூச்சை இறுக்கும்.

விழுங்க முடியாத நிலைக்கு வந்தவருக்குத் தீர்த்தத்தையோ பாலையோ வாயில் ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குப் போகும். சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து உதட்டை ஈரமாக்குங்கள், தீர்த்தம் கொடுத்ததாகவே வைத்துக்கொள்ளலாம். கண்ணைத் திறக்காவிட்டாலும் காது கேட்கக்கூடும். அதனால் சொத்துப் பேச்சை வெளித் திண்ணையில் வைத்துக்கொண்டு, உள்ளே அவர் சாமியின் பெயரைச் சாதாரணக் குரலில் சொல்லுங்கள்.

வாரக்கணக்கில் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, "செத்துப்போயிட்டா தேவலை" என்கிறார் என்றால் கும்பிடுவதோடு நிறுத்தாதீர்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை, ராத்திரியும் எடுப்பார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கும் கூட்டிப்போகலாம். மாத்திரை சாப்பிட்டால் பக்தி குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அவரை அடுத்த தடவை வீட்டுக்கு அழைக்காதீர்கள்.